கோல்ட், பெரெட்டா, கிளாக், சிக்: ஒரு கைத்துப்பாக்கியை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நம்ம ஊரில் பெரும்பாலானவர்கள் கைத்துப்பாக்கியைப் பார்ப்பது இரண்டே இடங்களில்தான். ஒன்று போலீஸ் இடுப்பில், இன்னொன்று சினிமாவில். அமெரிக்காவில் கதையே வேறு. செல்போன் கடையில் மாடல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல, அங்கே துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பிஸ்டல்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை தோட்டா பிடிக்கும், எடை எவ்வளவு, 9 எம்.எம்-ஆ அல்லது .45-ஆ, என்ன விலை... இப்படித்தான் பேச்சு போகும்.

ஆனால், லட்சக்கணக்கில் பிஸ்டல் வாங்கும் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் இவற்றைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. சுட வேண்டிய நொடியில் பிஸ்டல் உடனே சுட வேண்டும். சுடக் கூடாத நேரத்தில், கீழே விழுந்தாலும் கை தடுமாறினாலும், அது வெடிக்கவே கூடாது. இரண்டில் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும். பிரபலமான ஒவ்வொரு பிஸ்டலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களின் விலையைச் சிலர் உயிரால் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு அடிப்படை: பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது?

ரிவால்வர் என்றால் சுழலும் உருளையில் தோட்டாக்கள் இருக்கும். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். ஒருமுறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய், காலியான உறையை வெளியே தள்ளி, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலின் பின்பக்க அறைக்குள் ஏற்றிவிடும். டிரிக்கரை மறுபடி அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. குழல் அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கும். 'காலித் துப்பாக்கி' வெடித்தது என்று வரும் செய்திகள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த ஒற்றைத் தோட்டாதான்.

கோல்ட் 1911: குதிரை வீரனுக்காக ஒரு பூட்டு

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் தயாரித்த பிஸ்டல் இது. 1911 மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளுடன் நடந்த சண்டையில், .38 ரிவால்வர்கள் பாய்ந்து வருபவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்று ராணுவத்தில் பெரிய புகார் எழுந்தது. அதனால் பெரிய தோட்டா வேண்டும் என்று முடிவானது. .45 அளவு வந்த கதை இதுதான். மேகசினில் ஏழு தோட்டா. எடை சுமார் 1.1 கிலோ.

பின்பக்கம் இருக்கும் ஹேமரை முன்கூட்டியே இழுத்து நிறுத்தியிருந்தால்தான் 1911 சுடும். இழுத்து நிறுத்திவிட்டால் லேசான அழுத்தம் போதும். குறி துல்லியமாக இருக்கும், ஆபத்தும் அங்கேதான். அதனால் இரண்டு காப்புகள் வைத்தார்கள். கைப்பிடியை முழுதாகப் பற்றினால்தான் விடுபடும் பூட்டு ஒன்று. கட்டைவிரலால் தள்ளும் பூட்டு இன்னொன்று. இந்தக் கட்டைவிரல் பூட்டைக் கேட்டது குதிரைப்படை. முரண்டு பிடிக்கும் குதிரைமேல் உட்கார்ந்து, ஹேமர் இழுபட்ட பிஸ்டலை ஒரே கையால் உறையில் போட வேண்டிய ஆளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம் எல்லாவற்றிலும் இருந்த இந்தப் பிஸ்டல், 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் அதிகாரப்பூர்வத் துப்பாக்கி. பூட்டை விடுவிப்பதைப் பழகிப் பழகிக் கையிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் குறை. பதற்றத்தில் மறந்தால் சுடாது.

பெரெட்டா எம்9: முதல் முறை கடினம், அடுத்தது சுலபம்

நேட்டோ நாடுகள் எல்லாம் 9 எம்.எம் தோட்டாவுக்கு மாறிய நிலையில், 1985-ல் அமெரிக்கா இத்தாலியின் பெரெட்டாவைத் தேர்ந்தெடுத்தது. 15 தோட்டா பிடிக்கும்.

இதன் பதில் வேறு மாதிரி. ஹேமரை இழுத்து நிறுத்தத் தேவையில்லை. முதல் முறை டிரிக்கரை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். அந்த இழுப்பே ஹேமரைத் தூக்கி விடுவிக்கும். தெரியாமல் விரல் பட்டதற்கெல்லாம் வெடிக்காது. முதல் தோட்டா போன பிறகு ஹேமர் தானாகவே பின்னால் நின்றுவிடும், அதனால் இரண்டாவது இழுப்பு லேசாகிவிடும்.

சரி, பிரச்சினை எங்கே? ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான இழுப்பு. முதல் தோட்டாவுக்கு ஒரு பலம், அடுத்ததற்கு வேறு பலம். ஒரு சண்டையில் அதிமுக்கியமான முதல் தோட்டாவே குறி தவற வாய்ப்பு அதிகம். நிறையப் பயிற்சி இருந்தால் சமாளிக்கலாம். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டுமே சுடப் பழகும் சிப்பாய்க்கு அது சிரமம்.

கிளாக் 17: திரைச்சீலைக் கம்பி செய்தவர் கொடுத்த அதிர்ச்சி

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் புது பிஸ்டல் தேடியது. பெரிய துப்பாக்கி நிறுவனங்களோடு போட்டியில் குதித்தார் காஸ்டன் கிளாக். அதுவரை அவருடைய நிறுவனம் திரைச்சீலைக் கம்பி, ராணுவக் கத்தி போன்றவற்றைச் செய்துகொண்டிருந்தது. பிஸ்டல் வடிவமைத்த அனுபவம் அவருக்குக் கிடையாது. பழைய வழக்கம் எதற்கும் கட்டுப்படாமல் யோசிக்க அதுவே வசதியாகப் போனது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் இவருடைய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது.

கைப்பிடிப் பகுதி பாலிமர், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். அதனால் எடை குறைவு. மேகசினில் 17 தோட்டா. பாகங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. வெளியே ஹேமர் இல்லை, கட்டைவிரல் பூட்டும் இல்லை. மூன்று காப்புகளில் ஒன்று டிரிக்கரிலேயே இருக்கிறது, மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றன. டிரிக்கரை இழுக்க இழுக்க மூன்றும் ஒவ்வொன்றாக விடுபடும், விரலை எடுத்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் ஒரே இழுப்பு, சுமார் இரண்டரை கிலோ.

1990-ல் வந்த 'டை ஹார்ட் 2' படத்தில், கிளாக் பீங்கானில் செய்தது, விமான நிலைய எக்ஸ்-ரேயில் தெரியாது என்று ஹீரோ ஒரு வசனம் பேசுவார். அத்தனையும் கட்டுக்கதை. கிளாக்கின் ஸ்லைடும் குழலும் எஃகுதான். ஆனாலும் அந்தப் புரளி அதன் புகழைக் கூட்டத்தான் செய்தது.

கிளாக்கின் பதில் எளிமையானது. எடு, சுடு. நினைவில் வைக்க வேண்டிய பூட்டு எதுவும் இல்லை. அமெரிக்கப் போலீஸ் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரிவால்வரைக் கைவிட்டு கிளாக்குக்கு மாறின.

வாஷிங்டன் போலீஸ் கற்ற பாடம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் போலீஸ் துறையும் 1980-களின் கடைசியில் கிளாக்குக்கு மாறியது. போதைப்பொருள் கும்பல்களிடம் இருந்த ஆயுதங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது காரணம். பத்து ஆண்டுகள் கழித்து, 1998-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் கணக்கெடுத்துப் பார்த்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்த சம்பவங்கள் 120-க்கும் மேல். தங்களைத் தாங்களே, அல்லது சக காவலரைத் தெரியாமல் சுட்டுக்கொண்ட போலீஸார் 19 பேர். பொதுமக்களும் காயமடைந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இந்தக் கட்டுரைத் தொடருக்கு 1999-ல் புலிட்சர் விருது கிடைத்தது.

துப்பாக்கி பழுதா? இல்லை. வடிவமைத்தபடிதான் அது வேலை செய்தது. ரிவால்வரின் நீளமான, கனமான இழுப்புக்குப் பழகிய விரல்களிடம், லேசான டிரிக்கர் உள்ள பிஸ்டலைக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற பயிற்சியைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும்போது டிரிக்கரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க மறந்தவருக்கு அந்த ஒரு அழுத்தலே போதும்.

அப்போ டிரிக்கரைக் கடினமாக்கினால்?

நியூயார்க் போலீஸ் அதைத்தான் செய்தது. தற்செயல் விபத்துக்குப் பயந்து, தங்கள் பிஸ்டல்களின் டிரிக்கர் இழுப்பைச் சுமார் ஐந்தரை கிலோவுக்கு உயர்த்தியது. சாதாரண கிளாக்கைவிட இரு மடங்குக்கும் மேல்.

2012 ஆகஸ்ட் 24 அன்று, எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அருகே முன்னாள் சக ஊழியரைச் சுட்டுக் கொன்ற ஒருவர், தன்னை நெருங்கிய இரண்டு போலீஸாரை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பினார். போலீஸார் 16 முறை சுட்டார்கள். அவர் இறந்தார். ஆனால் சாலையில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேரும் காயமடைந்தார்கள். அந்த ஒன்பது பேரையும் காயப்படுத்தியது போலீஸ் தோட்டாக்களும் அவற்றின் சிதறல்களும்தான். கனமான டிரிக்கரை இழுக்கும்போது துப்பாக்கியே அசைந்து குறி தவறுகிறது என்ற விவாதம் அதன் பிறகு சூடுபிடித்தது. சில ஆண்டுகள் கழித்து, புதிதாகச் சேரும் காவலர்களுக்கு லேசான டிரிக்கரைக் கொடுக்க அந்தத் துறை முடிவெடுத்தது.

ஒரு நகரத்தில் டிரிக்கர் லேசாக இருந்ததால் சிக்கல். இன்னொரு நகரத்தில் கனமாக இருந்ததால் சிக்கல். எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

பெரிய தோட்டா என்றால் நல்லதா?

கடைகளில் அதிகம் நடக்கும் வாதம் இதுதான். இதற்கும் ஒரு ரத்தக்கறை படிந்த வரலாறு இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ மடக்கியது. சண்டையில் இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் மீது ஆரம்பத்திலேயே பாய்ந்த 9 எம்.எம் தோட்டா, கையைத் துளைத்து நெஞ்சுக்குள் நுழைந்தும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார்.

இதையடுத்து எஃப்.பி.ஐ முதலில் 10 எம்.எம் தோட்டாவுக்குப் போனது. அதன் உதைப்பு அதிகம் என்பதால், 1990-ல் அறிமுகமான .40 தோட்டா அந்த இடத்தைப் பிடித்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் பின்தொடர்ந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் போல ஓடிய பிறகு, எஃப்.பி.ஐ மறுபடி 9 எம்.எம்முக்கே திரும்பியது!

காரணம், தோட்டாத் தயாரிப்பு நன்றாக முன்னேறிவிட்டது. இன்னொரு காரணம் இன்னும் முக்கியமானது. நிஜத் துப்பாக்கிச் சண்டைகளில் போலீஸார் சுடும் தோட்டாக்களில் 70 முதல் 80 சதவீதம் வரை இலக்கைத் தவறவிடுகின்றன என்று எஃப்.பி.ஐ பயிற்சிப் பிரிவே சொன்னது. உதைப்பு குறைந்தால் குறி மேம்படும். தவறிப்போகும் பெரிய தோட்டாவைவிட, பட வேண்டிய இடத்தில் படும் சிறிய தோட்டா மேல் என்று கணக்கு முடிந்தது. தவறிப்போகும் ஒவ்வொரு தோட்டாவும் எங்கேயோ, யார் மீதோ படத்தான் போகிறது என்பதும் இந்தக் கணக்கில் உண்டு.

சிக் பி320: வழக்குகளில் சிக்கிய வெற்றியாளர்

பெரெட்டாவுக்கு மாற்றாக அமெரிக்க ராணுவம் நடத்திய தேர்வில், நிபந்தனை ஆவணமே 350 பக்கங்களைத் தாண்டியது. ஒரு பிஸ்டல் வாங்க இவ்வளவு காகிதமா என்று ராணுவத் தளபதி மார்க் மில்லியே வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். 2017 ஜனவரியில் வென்றது சிக் சாயர் நிறுவனத்தின் பி320. ஒப்பந்தம் 58 கோடி டாலர் வரை. தோற்ற கிளாக் முறையிட்டும் பலனில்லை.

பி320-ன் சிறப்பு, கழற்றி மாட்டும் வசதி. டிரிக்கர் அமைப்பு தனி அலகாக இருப்பதால், கையின் அளவுக்கு ஏற்ப கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம். சிறிய கை உள்ள வீரர்களுக்கு இது பெரிய வசதி. ராணுவத்துக்கான எம்17, எம்18 மாடல்களில் கட்டைவிரல் பூட்டு உண்டு. வெளியில் விற்ற பெரும்பாலான பி320-களில் அது இல்லை. கிளாக்கில் இருப்பதுபோல டிரிக்கரின் நடுவே ஒரு காப்பு நாக்கும் இல்லை.

அதே 2017-ல், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் பி320 வெடிக்கலாம் என்பது தெரியவந்தது. டிரிக்கர் அமைப்பை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகும், உறையில் இருந்தபடியே, டிரிக்கரைத் தொடாமலேயே வெடித்தது என்று போலீஸாரும் மற்றவர்களும் தொடர்ந்து வழக்குப் போட்டார்கள். டிரிக்கர் அழுத்தப்படாமல் பி320 வெடிக்காது என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. சில வழக்குகள் தள்ளுபடியாகின. 2024-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜூரி ஒரு முன்னாள் ராணுவ வீரருக்கு 1.1 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

2025 ஜூலையில் வயோமிங் மாநில விமானப்படைத் தளம் ஒன்றில் எம்18 வெடித்து ஒரு வீரர் இறந்தார். அந்தப் படைப்பிரிவு உடனே எம்18 பயன்பாட்டை நிறுத்திவைத்தது. ஆனால் விசாரணையில் இன்னொரு வீரர், பொய்த் தகவல் கொடுத்தார் என்பது உள்ளிட்ட சந்தேகங்களின்பேரில் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிகளைச் சோதித்த பிறகு ஆகஸ்டில் அவை மறுபடி பயன்பாட்டுக்கு வந்தன. வெடித்தவுடன் இயந்திரத்தைக் குற்றம் சொல்வதும், வழக்கு வந்தவுடன் ஆளைக் குற்றம் சொல்வதும் எவ்வளவு அவசரமான முடிவுகளாகிவிடும் என்பதற்கு இந்தத் துப்பாக்கியே சாட்சி.

இதையெல்லாம் அரசு சோதிக்காதா?

இங்கேதான் பலரும் ஆச்சரியப்படுவார்கள். குழந்தைகள் பொம்மையிலோ மிக்ஸியிலோ ஆபத்தான குறை இருந்தால், அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 1972 சட்டத்தில் உருவான அந்த ஆணையத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கார், மருந்துக்கும் விலக்கு உண்டு, ஆனால் அவற்றைக் கவனிக்க வேறு அமைப்புகள் இருக்கின்றன. உள்நாட்டில் தயாராகும் துப்பாக்கியின் வடிவமைப்பு பாதுகாப்பானதா என்று பார்த்து, குறை இருந்தால் திரும்பப் பெறச் சொல்ல மத்திய அரசில் யாரும் இல்லை. எஞ்சியிருப்பது நீதிமன்றம். அதாவது, யாராவது காயப்பட்ட பிறகு.

சில மாநிலங்கள் தாங்களாகவே விதி வைத்தன. கலிஃபோர்னியாவில் 2001 முதல், கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் தேறி மாநிலப் பட்டியலில் இடம்பெற்ற கைத்துப்பாக்கிகளைத்தான் கடைகள் பொதுமக்களுக்கு விற்கலாம். 2007 முதல் புதிதாகப் பட்டியலில் சேரும் பிஸ்டல்களுக்கு, அறைக்குள் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளமும், மேகசினைக் கழற்றினால் சுடாத அமைப்பும் கட்டாயம் என்றார்கள். கிளாக் அந்த மாற்றங்களைச் செய்யவில்லை. அதனால் உலகம் நான்காம், ஐந்தாம் தலைமுறை கிளாக்குக்குப் போன பிறகும், கலிஃபோர்னியா கடைகளில் பல ஆண்டுகள் விற்றது பழைய மூன்றாம் தலைமுறைதான்.

மேகசின் இல்லாவிட்டால் சுடாத அமைப்பு புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரவுனிங் தொடங்கி, அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் முடிக்கப்பட்டு 1935-ல் வந்த 'ஹை-பவர்' பிஸ்டலிலேயே அது இருந்தது. இந்திய ராணுவத்திடமும் காவல்துறையிடமும் நீண்டகாலமாக இருக்கும் 'ஆட்டோ 9 எம்.எம் 1ஏ' பிஸ்டல், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான இந்த ஹை-பவரின் வழித்தோன்றல்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இந்த 'எது வாங்கலாம்' கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 9 எம்.எம் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், உரிமம் கிடைத்தவர்களும் பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல்தான் வாங்குகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள் வைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

ராணுவமும் போலீஸும் பட்ட அனுபவத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

- கட்டைவிரல் பூட்டு உள்ள பிஸ்டல் (1911 போல): பூட்டை விடுவிப்பது தன்னிச்சையாக வரும்வரை பழக வேண்டும்.
- முதல் இழுப்பு கனமானது (பெரெட்டா போல): தெரியாமல் வெடிப்பது குறைவு, முதல் குறி கடினம்.
- வெளிப்பூட்டே இல்லாதது (கிளாக் போல): எளிமை, நம்பகம். விரல் கட்டுப்பாடுதான் உண்மையான பூட்டு.
- கை அளவு: டிரிக்கரை விரல் சரியாக எட்டாவிட்டால் மற்ற எந்தச் சிறப்பும் பயன்படாது.
- எதுவாக இருந்தாலும் மேகசினைக் கழற்றிய பிறகு ஸ்லைடை இழுத்து, அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தப் பட்டியலுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மேலே பார்த்த எல்லாக் காப்புகளும் தடுப்பது தவறுதலான அழுத்தலை மட்டும்தான். ஒருவர் மனமுடைந்த நிலையில் தானே அழுத்தினால் எந்த மாடலும் மறுக்காது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பேரின் தரவை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராத ஆண்களைவிட சுமார் 8 மடங்கு. பெண்களில் அது சுமார் 35 மடங்கு.

அமெரிக்காவில் 2005 சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது ஒரு பூட்டு அல்லது பூட்டும் பெட்டியும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடையில் கிளாக்கா, சிக்கா என்று ஒரு மணி நேரம் ஒப்பிடுபவர்கள், கூடவே வரும் அந்தப் பூட்டை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள்? வீட்டில் குழந்தை இருந்தால், அல்லது யாராவது கடினமான காலத்தைக் கடந்துகொண்டிருந்தால், பதில் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. சில வீடுகளில், வாங்காமல் திரும்பி வருவதில் இருக்கிறது.